முன் சக்கரத்தின் தடம்

சமையலறை மேசையில் கண்ணாடிப் பாட்டிலை உருட்டி உருட்டி, சாம்பல் நிறப் பாலிமர் களிமண்ணைத் தகடாக்கினாள் மருமகள். அதன்மேல் முகப்பவுடரைத் தூவினாள். தூவாமல் அச்சை வைத்தால் மண் அச்சோடு பிய்ந்து வந்துவிடும். பூவும் இலையும் எண்களுமாய் ரப்பர் அச்சால் பதித்து, வெட்டி, மின்னடுப்பில் சுட்டெடுத்த வில்லைகள் தட்டு நிறையக் கிடந்தன. நாத்தனாரின் திருமணத்துக்கு அவள் உருவாக்கும் நினைவு ஆல்பத்தில், படங்களைச் சுற்றி அவை அமரும். திருமணம் முடிந்ததும் ஆல்பம் மணமகன் வீட்டுக்குப் போகும்.

ஒரே ஒரு பக்கம் மட்டும் தகராறில் இருந்தது: மாமியாரின் பக்கம்.

மாமியார் பேருந்து ஓட்டுநர். ஆடவருக்கே உரியதென்று அடைத்து வைக்கப்பட்டிருந்த இருக்கையில் ஏறி அமர்ந்தவர். ஏளனம் செய்தவர்களையும் ஏற்றிச் சென்று, இறங்குமிடத்தில் இறக்கிவிட்டவர். அவர் வண்டியை நிறுத்தினால் நிற்கும் பயணியும் தள்ளாடமாட்டார். அதனால் பணிமனையில் அவருக்குப் பெயரே 'பிரேக்கம்மா'. ஊருக்கு அஞ்சாத அந்த நெஞ்சம் சம்பந்திக்கு அஞ்சியது! "போக்குவரத்துத் துறையில் வேலை" என்று சொல்லி வைத்தார், அவர்கள் அலுவலக நாற்காலி என்று எண்ணிக்கொண்டார்கள், இவர் திருத்தவில்லை.

"என் பக்கத்துல பூவ ஒட்டு, போதும்" என்றார் மாமியார்.

"பூ கட்டியா அத்தை புள்ளைங்கள வளத்தீங்க?"

"வாய் நீளுது உனக்கு. போற எடத்துல டிரைவர் பொண்ணுன்னு ஒரு சொல் வந்தா யாரு தாங்குறது?"

"நான் தாங்கிக்கிறேம்மா" என்றது உள்ளறையிலிருந்து மகளின் குரல்.

"நீ கல்யாணப் பொண்ணா லட்சணமா இரு."

மருமகள் வாதாடவில்லை. மறுநாள் மாலை, மாமியார் காக்கிச் சட்டையோடு வீடு திரும்பியபோது பக்கம் மேசையில் விரிந்து கிடந்தது. நடுவில், சீருடையில் அவர். கீழே களிமண்ணால் ஒரு ஸ்டியரிங். நான்கு ஓரங்களிலும் டயர் தடம் பதித்த பட்டைகள்.

மாமியார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடி விழப்போகிறது என்று மகளும் மருமகளும் காத்திருந்தார்கள்.

"எந்த டயர் இது?"

மருமகள் வாசலைக் காட்டினாள். "வாசல்ல நிக்குதே, நம்ம ஸ்கூட்டர்."

"ஸ்கூட்டரா. பஸ்ஸோட முன் டயர்ல நேர் நேரா பள்ளமா காடி ஓடும்டி. இது கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு. என் படத்துக்குப் பக்கத்துல இத வச்சா டிப்போவே சிரிக்கும்."

"அப்ப பக்கத்தையே எடுத்துடவா? சம்பந்தி வீட்டுல யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

சொன்ன சொல் அவர் காதிலேயே விழுந்தது. பக்கத்தை மேசையில் வைத்தார். பிறகு, "மண்ண எடு. பவுடரையும் எடு" என்றார்.

மருமகளோடு பணிமனைக்குத் திரும்பி, தான் ஓட்டும் வண்டியின் முன் சக்கரத்தை அவரே துடைத்தார். அவரே பவுடர் தூவினார்.

"என்ன பிரேக்கம்மா, பஸ்ஸுக்கு மேக்கப்பா?" என்றார் மெக்கானிக்.

"கல்யாணத்துக்கு வருதுல்ல, வெறும் மூஞ்சியோடயா வரும்?"

மருமகள் நீட்டிய தகட்டை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி, நுனியிலிருந்து மெல்ல உரித்தார். நாள்தோறும் சாலை வாங்கிய தடம் களிமண்ணில் வரிவரியாய் எழுந்து நின்றது. எத்தனையோ பேரைப் பத்திரமாய்க் கொண்டுசேர்த்த தடம். எந்த அரச முத்திரைக்கு இருக்கிறது அந்தப் பெருமை? மருமகள் அதை அட்டையில் ஏந்தி, பிறந்த குழந்தையைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்து சுட்டாள்.

புதிய பட்டைகள் பக்கத்தில் ஒட்டிக் காய்வதற்குள் மாமியார் தொலைபேசியை எடுத்தார்.

"சம்பந்தியம்மா, ஆல்பம் உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் ஆபீஸ்ல இல்ல. பஸ் ஓட்டுறேன்."

மகள் தாயின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"எந்த ரூட்டு?" என்று கேட்டது மறுமுனையிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல்.

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் நிறுத்தத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.