காலர் மிஷின்காரியின் காது

"ஏம்மா, ரெண்டு காதையும் வாடகைக்கு விட்டுட்டியா?" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார் சூப்பர்வைசர். எங்கள் தையல் கூடத்தில் அவருக்கு 'சைரன்' என்று பட்டப்பெயர்.

அளவு மாறும்போது அவர் பின்னால் நின்று குரல் கொடுப்பார். நாங்கள் தலையைத் திருப்பாமலே மாற்றித் தைப்போம். அன்று அவர் கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. பெரிய சட்டைகளுக்கு ஒரு கூடை நிறையச் சின்ன காலர் தைத்து வைத்திருந்தேன்.

"திங்கக்கிழமை பின்னால நின்னு கூப்பிடுவேன். கத்த மாட்டேன். திரும்பலைன்னா பழையபடி நூல் வெட்டற மேசைக்குப் போயிடு."

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். நூல் வெட்டும் மேசையிலிருந்து காலர் மிஷினுக்கு வந்ததுதான் நான் பாஸ் செய்த ஒரே பரீட்சை.

வீட்டில் அண்ணி கொண்டை ஊசியை உருவிக்கொண்டு வந்தாள். "காட்டுடி, ஒரே சுரண்டு."

"வேண்டாம் அண்ணி. டாக்டர்கிட்ட போலாம்."

"உங்க வம்சத்துக்கே காது மந்தம்டி. உங்கண்ணனுக்கு நான் கூப்பிட்டா கேக்காது, தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேக்கும்."

தெருமுனை கிளினிக்கில் டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு. எதை வச்சு நோண்டினே?"

வழக்கமாக எனக்காக அண்ணிதான் பேசுவாள். அவள் வாயைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன்.

"நோண்டலை டாக்டர். மிஷின் சத்தம் தாங்காம வெட்டுத்துணியை உருட்டிக் காதுல அடைச்சுப்போம். கூடத்துல எல்லாருமே அப்படித்தான்."

"அதான் அழுக்கை உள்ள தள்ளித் தள்ளிக் கெட்டியாக்கியிருக்கு. முன்னாடி சீழ் வந்திருக்கா? சவ்வுல ஓட்டைன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

"சொட்டு மருந்து தர்றேன். முதல்ல இன்னும் அடைக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதே. சனிக்கிழமை வா. ஊசி, குச்சி எதுவும் காதுகிட்ட வரக்கூடாது."

அண்ணி மெல்லக் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னது போலவே முதலில் அடைப்பு கூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சனிக்கிழமை நர்ஸ் என் தோளில் துண்டு போட்டு, காதுக்குக் கீழே ஒரு கிண்ணத்தைப் பிடிக்கச் சொன்னார். "தலை சுத்தினா உடனே சொல்லு." வெதுவெதுப்பான தண்ணீர் உள்ளே பீய்ச்சிச் சுழன்றது. மறுபடியும். திடீரென்று ஏதோ வழுக்கிக்கொண்டு வந்து கிண்ணத்தில் விழுந்தது. மிளகைவிடப் பெரிய கறுப்புக் கட்டி. அதில் நீல நூல் ஒன்று சுற்றியிருந்தது. அடுத்த காதிலிருந்தும் அதன் தங்கச்சி வந்தது.

டாக்டரம்மா மறுபடி பார்த்தார். "சவ்வு சுத்தமா இருக்கு. இனிமே துணி வேண்டாம். காதுமேல மாட்டற மூடி இருக்கு, வேலை இடத்துல கேளு."

மின்விசிறி கிரீச்சிட்டது. வெளியே யாரோ காகிதம் மடித்தார்கள். எல்லாமே எனக்குக் கேட்டது!

"என்னடி, கேக்குதா?"

"மெதுவா பேசுங்க அண்ணி."

"மெதுவாத்தான்டி பேசறேன்!"

திங்கட்கிழமை, மதிய இடைவேளை முடிந்து மிஷின்கள் ஓடத் தொடங்காத நேரம். என் முதுகுக்குப் பின்னால் பேனா மூடி 'டக்' என்றது. அவர் வாயைத் திறக்குமுன் திரும்பினேன்.

"சொல்லுங்க சார், எந்த அளவு?"

கூடமே சிரித்தது. நான் எழுந்து நின்றேன்.

"அப்புறம் சார், காதுக்கு மூடி வேணும். எல்லாருக்கும்."

"ஆமா சார்!" என்று பின்வரிசையிலிருந்து குரல்கள் எழுந்தன.

அவர் என்னைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, எங்கள் தலைகளை எண்ணியபடியே வெளியே போனார்.