மேடை முனையில் ஒரு கூர்

போன் வந்தபோது சின்னதுரை மணலூர்பேட்டைக் கடைத்தெருவில் வாழையிலைக் கட்டைத் தன் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தான். ரிஷிவந்தியத்தில் அவன் அக்கா ஆயம்மாள் கட்டிய புது வீட்டுக்கு இன்றைக்குப் பால் காய்ச்சுகிறார்கள்.

"எலைய எடுத்துக்கினு சீக்கிரம் வா," என்றாள் அவன் மனைவி சாலம்மாள். "சமையக்கட்டுல நீ ஒட்டின டேப்பெல்லாம் ஆயம்மா அண்ணி கிழிச்சிக்கினு கீறாங்க. மஞ்ச குங்குமம் வைக்கணுமாம்."

சின்னதுரை கயிற்றை விட்டுவிட்டுக் கத்தினான். "மேடை முனைல கைய வைக்க வேணாம்னு சொல்லு! சாலா!"

அந்தப் பக்கம் மைக்செட் அலறியது. பிறகு அதுவும் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். யார் எடுக்கிறார்கள்?

டைல்ஸ் ஒட்டுவதுதான் அவன் பிழைப்பு. சமையல் மேடையின் வெளிமுனையில் இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில், ஓரத்தை மூடும் பிளாஸ்டிக் பட்டையான பீடிங் வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. 'எங்க அக்கா வூட்டுக்குப் போய் பீடிங்கா?' என்று ஜம்பம் அடித்தான். இரண்டு ஓரத்தையும் சாய்த்து வெட்டி, கோடே தெரியாமல் சேர்த்தான். அப்படி வெட்டிய ஓரம் பிளேடு போல இருக்கும், உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். நேற்று உப்புத்தாள் தீர்ந்துபோனது. பந்தி முடிந்ததும் தேய்த்துக்கொள்ளலாம் என்று டேப்பை ஒட்டி மூடிவிட்டு வந்தான். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

ஆயம்மாளுக்குச் சர்க்கரை நோய். மாமா செத்த பிறகு தனியாளாகக் கரும்பு வெட்டித்தான் இந்த வீட்டை எழுப்பினாள். போன வருசம் கரும்புக்கட்டை காலில் குத்தியது. சின்னக் காயம்தான். அது ஆறாமல் அழுகி, ஒரு விரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னொரு காயம் பட்டால் கையையோ காலையோ எடுக்கணும் என்று டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார். மஞ்சளைக் கட்டைவிரலில் தொட்டு மேலிருந்து கீழே அழுத்தி இழுப்பாள் அவள். அதை நினைத்துக்கொண்டே அவன் ஹேண்டில்பாரை முறுக்கி வண்டியை விரட்டினான்.

வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. "ஓரமா போய்யா! உசுரு போவுது!" என்று கத்தினான். ஓட்டுகிறவன் சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தான், பாவி.

வீட்டு வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். மேடை முனையில் டேப் இல்லை. வெள்ளை டைல்ஸில் மஞ்சள் கோடு, அதன் மேல் சிவப்பு, ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றிருந்த ஆயம்மாளின் கைகளைப் பிடித்து விரித்தான். விரல் விரலாகத் தடவினான். கண்ணில் நீர் முட்டியது.

"இன்னாடா ஆச்சு உனக்கு? பேய் அடிச்சாப்ல வர்ற?"

"எங்க அறுத்துது? சொல்லுக்கா!"

"எனக்கு இன்னா அறுக்கும்? பொட்டு வெச்சது கொளஞ்சி."

அவள் நாத்தனார் கொளஞ்சியம்மாள் கட்டைவிரலை முந்தானையில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "சும்மா கீறல்தான். மஞ்ச வெச்சா நின்னுடும்."

சின்னதுரைக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. தாலி அறுத்தவளைப் பொட்டு வைக்க எவன் விடுவான்? அந்தப் பயத்தில் அதையே மறந்துவிட்டிருந்தான். அக்கா கட்டிய வீடு, அக்காவுக்கு அதில் ஒரு பொட்டு வைக்க வழியில்லை. அதனால்தான் அவள் கை தப்பியது. அந்தத் தப்பித்தலை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் வாங்கிய உப்புத்தாள் வண்டியில் இருந்தது. எடுத்து வந்து, முனையைக் கழுவி, மழுங்கும்வரை தேய்த்தான். தன் கட்டைவிரலை அழுத்தி மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான். பிறகு மஞ்சள் தட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினான்.

"இப்ப நீ வை, அக்கா."

ஆயம்மாள் கூடியிருந்த சனத்தைப் பார்த்தாள். "வேணாண்டா. நான் வெச்சா வூட்டுக்கு ஆவாதுன்னுவாங்க," என்று கைகளைத் தலைப்புக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

சின்னதுரை தட்டை நீட்டியபடியே நின்றான். 'வையேன்' என்று ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.