நான்கு கதவு அலமாரியும் பிறந்த ஊரும்

மனித வரலாற்றில் எந்த நகரமும் படையெடுப்பால் வீழ்ந்ததில்லை. விடுகதைக்கு விடை தெரியாதவர்கள் கொடுத்துக் கொடுத்துத்தான் எல்லாம் கைமாறியிருக்கின்றன.

இதைத் தவ்ரோன் சிரிக்காமல் சொன்னான். எங்கள் ஊர் கோகந்துக் கல்லூரியில் வணிகம் கடைசி வருடம் படிப்பவன், கழுத்துப்பட்டை வேறு கட்டியிருந்தான். முவஸ்ஸம் அக்கா நம்பிவிட்டார். அவருடைய மரச்சாமான் கடையில் அலமாரிகள் தூசியைத் தவிர வேறெதையும் ஈர்க்காத காலம் அது. தவ்ரோனை விளம்பரத்துக்கு வைத்தார். அவனோடு படிக்கும் என்னை ஒலிபெருக்கிக்கு வைத்தார்.

எங்கள் பக்கம் விடுகதைக்கு விடை தெரியாவிட்டால் போட்டவருக்கு ஒரு நகரம் கொடுக்க வேண்டும். "சமர்கந்தைக் கொடுத்தேன்" என்றால்தான் விடை வரும். கொடுத்த ஊர் பிடிக்கவில்லையென்றால் வேறு ஊர் கேட்கலாம். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுதான். தவ்ரோன் அதற்கு எண் பூட்டுப் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தான்.

வாடிக்கையாளர் நான்கு கதவு அலமாரிக்குள் ஏறி நிற்பார். கதவை மூடிவிடுவோம். உள்ளே நின்றால்தானே விசாலம் தெரியும்? கதவுச் சட்டங்களின் இடுக்கு வழியாக விடுகதை போகும். விடை வந்தால் தள்ளுபடி. வராவிட்டால் நகரம். கடை ஆட்கள் தங்கள் சொந்தக்காரர்களைத் திறந்து விட்டுவிடக் கூடாதென்று, பூட்டின் எண்ணை விடுகதை போடுகிறவரே ஒவ்வொரு முறையும் புதிதாக வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தான். அவருக்கு மட்டும்தான் எண் தெரியும். இந்த ஏற்பாட்டுக்காக அவன் தன்னைத்தானே மனமாரப் பாராட்டிக்கொண்டான்.

நகரம் கொடுத்தவர்களை வெளியே விட்டதும் தெருவுக்கே அறிவிப்போம். வாசகம் தவ்ரோனுடையது. ஒருநாள் ஒரு பெரியவர் மூச்சு முட்டி அவசரத்தில் கோகந்தையே கொடுத்துவிட்டார். "பொறந்த ஊரை ஒரு அலமாரிக்குக் கொடுத்த பெருமகன் இதோ போறார், வழி விடுங்க!" என்று என்னைக் கத்த வைத்தான். தேநீர்க்கடையில் அவரை இப்போதும் 'ஊரில்லாதவர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கூட்டம் சேர்ந்தது. தவ்ரோன் இதையே பட்ட ஆய்வாக எழுதினான். தலைப்பு: 'விட்டுக்கொடுப்பவன் வாடிக்கையாளன் அல்ல'. அதன் வாய்மொழித் தேர்வு நடக்க வேண்டிய நாள் காலையில்தான் சுல்ஃபிசார் என்ற பெண் கடைக்கு வந்தாள். அடுத்த மாதம் கல்யாணம். கட்டில், கண்ணாடி மேசை, அலமாரி என்று முழுச் சீரும் வாங்க வேண்டும். கூடவே அவள் சித்தியும் வந்திருந்தார்.

"ஏறுங்க அக்கா, உள்ளே மாளிகை மாதிரி இருக்கும்" என்றான் தவ்ரோன்.

"மாளிகைன்னா நீ ஏறு. நான் போடுறேன். நீ ஜெயிச்சா மொத்தச் சீரும் இந்தக் கடையிலதான்."

"எனக்கு மதியம் ரெண்டு மணிக்குத் தேர்வு இருக்கு அக்கா. இன்னிக்கு விட்டா ஒரு வருஷம் போச்சு."

"பத்து மணிகூட ஆகல. பயமா?"

முவஸ்ஸம் அக்கா அவன் முதுகில் கை வைத்தார். அது ஆசீர்வாதம் போல் தெரிந்தாலும் தள்ளலாகத்தான் இருந்தது. கதவு மூடியது. சுல்ஃபிசார் எண்ணை மாற்றி வைத்தாள்.

"மூஞ்சி பூரா குத்து வாங்கும், அழாது. நெருப்புச் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும், கத்தாது. கத்தி வச்சா பாவம், கையால பிய்ச்சா புண்ணியம். அது என்ன?"

"நுகர்வோர்!" என்றான் உடனே.

"இல்ல."

"நடுத்தர வர்க்கம்!"

"என்ன சித்தி, இவன் நல்லாத்தானே இருந்தான்?"

"படிச்ச பிள்ளைடி. கொஞ்சம் டைம் கொடு" என்றார் சித்தி.

டைம் கொடுத்தோம். பன்னிரண்டு மணிக்கு விற்பனைக்கிருந்த சாப்பாட்டு மேசையிலேயே துணி விரித்து, பச்சைத் தேநீரோடு விடையைப் பிய்த்துத் தின்றோம். அப்போதுதான் தந்தூரிலிருந்து எடுத்தது. நடுவில் குத்திய பூ அச்சு அழகாக விழுந்திருந்தது.

"என்னடா வாசனை?" என்றது அலமாரி.

"ரொட்டிதான்" என்றேன். யாராவது குறிப்புக் கொடுத்தால் சீர் எதிர்க்கடைக்குப் போய்விடும் என்று முவஸ்ஸம் அக்கா முன்பே என் காதைத் திருகியிருந்தார்.

"ஒரு துண்டு குடுடா. பசியில மூளை ஓடல."

சுல்ஃபிசார் தலையாட்டினாள். இடுக்கு வழியாகத் திணித்தேன். மெல்லும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"கிடைச்சிருச்சு!"

எல்லோரும் எழுந்துவிட்டோம்.

"கத்திங்கிறது விலைக் குறைப்பு. நெருப்புச் சுவர்ங்கிறது போட்டி. சந்தை! சரியா?"

நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம்.

ஒரு மணிக்கு மேல் அவன் கதவைத் தட்ட ஆரம்பித்தான். கடப்பாரை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "ஓட்டை விழுந்த அலமாரியை உன் தலையிலயா கட்டுவேன்?" என்றார் முவஸ்ஸம் அக்கா. உள்ளே அவன் கைபேசி ஒலித்தது. "வந்துட்டேன் ஐயா, வழியில இருக்கேன், கொஞ்சம் இருட்டா இருக்கு" என்று அவன் பேசுவது கேட்டது. பிறகு குரல் மாறியது.

"அக்கா, குலிஸ்தானைக் கொடுத்தேன். திறங்க."

"அங்க வெயிலைத் தவிர என்ன இருக்கு? வேற கொடு."

"புகாரா! புகாராவையே கொடுத்தேன்!"

"உங்க அப்பா வீட்டுச் சொத்தா, அள்ளிக் கொடுக்கிற? எனக்கு உன் ஊர் வேணும்."

"அதை எப்படி அக்கா..."

"எங்க அப்பாவை எப்படிக் கொடுக்க வச்சியோ, அப்படித்தான்."

அதுவரை அவள் யார் மகள் என்று எங்களுக்குத் தெரியாது. தேநீர்க்கடைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஊரில்லாதவர் வாசலில் உட்கார்ந்து, எங்கள் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமா வேண்டாம் அக்கா" என்றான் தவ்ரோன். "ஒலிபெருக்கி வேண்டாம்."

"முதல்ல கொடு. அப்புறம் பேசலாம்."

கல்லூரிக்கு ஓடினால்கூட இனி நேரம் சரியாகத்தான் இருக்கும். நான் ஒலிபெருக்கியின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். சட்டங்களுக்கு நடுவே அவன் உதடு மட்டும் தெரிந்தது. ஓரத்தில் ரொட்டித் தூள் ஒட்டியிருந்தது.

"கோகந்து" என்றான், பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத குரலில். "கொடுத்தேன்."