தொனூசாவில் இறங்கிய பெட்டி

நக்சோஸ் தீவிலிருந்து கிளம்பிய கப்பலில் என் அம்மா ஸ்மரோவின் மடியில் இருந்தாள். ஸ்மரோ என் தம்பி பெண்டாட்டி. அம்மா உயிரோடு இருந்தவரை ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காதவள், இப்போது அவளுடைய எலும்புப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் தம்பி நிகிதாஸ், எதுவுமே நடக்காதது மாதிரி குளிர் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

எங்கள் தீவுகளில் புதைத்து மூன்று வருடம் ஆகிவிட்டால் கல்லறை இடத்தைக் காலி செய்தாக வேண்டும். தோண்டி எடுத்து, எலும்பை ஒயினில் கழுவி, பெட்டியில் அடுக்கி, தேவாலயத்து எலும்பு அறையில் வைத்துவிடுவோம். முந்தின நாள் தோண்டியபோது எனக்குத் தைரியம் வரவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். கழுவியது, துடைத்தது, அடுக்கியது எல்லாம் ஸ்மரோதான். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் பெட்டிக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள்.

அம்மா கடைசி ஆறு வருடம் நக்சோஸில் என் வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அமோர்கோஸுல அந்த ஆளு பக்கத்துல மட்டும் என்னைய வெச்சுடாதடி. தொனூசாவுல எங்க அப்பன் வீட்டாளுங்களோட வெய்யி" என்றாள். அந்த ஆள் என்றால் முன்பே செத்து அமோர்கோஸ் எலும்பு அறையில் இருக்கும் என் அப்பா. குடித்துவிட்டு வந்து அவளை அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். நிகிதாஸும் பார்த்திருக்கிறான்.

கப்பல் முதலில் தொனூசா தீவில் நிற்கும், அப்புறம்தான் தம்பி வீடு இருக்கும் அமோர்கோஸ். பெட்டியோடு தொனூசாவில் இறங்கிவிட வேண்டும் என்று நானும், இறங்க விடக்கூடாது என்று அவனும் ஏறியிருந்தோம்.

"அக்கா, ஏன் முறைக்கிற? கண்ணு வலிக்கப் போவுது" என்றான் நிகிதாஸ்.

"அம்மா என்ன சொன்னான்னு உனக்குத் தெரியும்."

"உன் காதுல மட்டும் சொன்னாளாக்கும். சாட்சி யாரு, ஊசி போட வந்த நர்ஸா?"

"அப்பா அவள அடிச்சதுக்கு நீதானடா சாட்சி!"

அவன் காபியைக் கீழே வைத்தான். "அடிச்சாரு. அதுக்கு? புருஷன் ஒரு தீவுல, பொண்டாட்டி ஒரு தீவுலன்னு வெச்சா அமோர்கோஸுல என்னைய என்ன பேசுவான்? செத்தும் ஓடிப்போயிட்டா பாருடான்னு சிரிப்பான். தினமும் கடை தொறந்து அவனுங்க மூஞ்சியில முழிக்கிறவன் நானு."

"ஆக, உன் கடைக்காக."

"அண்ணி, கொஞ்சம் மெதுவா பேசுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் ஸ்மரோ.

"பாக்கட்டும்டி. செத்தவள மடியில வெச்சுக்கிட்டு நல்ல மருமக வேஷம் போடுறியே, அதையும் சேத்துப் பாக்கட்டும்."

எங்களைச் சுற்றி இருந்தவர்கள் பெட்டியில் எழுதியிருந்த பெயரைப் படித்ததுமே எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். விவரம் தெரியாத வெளிநாட்டுக்காரன் ஒருவன் மட்டும் முதுகுப்பையைப் பெட்டிமேல் சாய்த்து வைக்க வந்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நானும் ஸ்மரோவும் ஒரே குரலில் அவனைத் திட்டினோம்.

கூஃபோனிசித் தீவைத் தாண்டியதும் வடகாற்று பிடித்துக்கொண்டது. காற்று விட்டால்தான் தொனூசாவில் நிற்போம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நிகிதாஸ் மூன்று தடவை சிலுவை போட்டான். நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறான், படுபாவி. நானும் போட்டேன்.

என் பிரார்த்தனைதான் பலித்தது. தொனூசாவில் இறங்குகிறவர்கள் கீழே வாருங்கள் என்று அறிவித்ததும் நான் எழுந்து பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தேன். நிகிதாஸ் அடுத்ததைப் பிடித்தான்.

"விடு."

"உட்காரு அக்கா."

"விடுடா. இல்ல, இந்தக் கப்பல் முழுக்கக் கேக்குற மாதிரி அப்பாவப் பத்திச் சொல்வேன். அமோர்கோஸ்காரன் எத்தன பேர் இருக்கான்னு எண்ணிக்கோ."

அவன் ஸ்மரோவைப் பார்த்தான். அவள் தலையை லேசாக ஆட்டினாள். அவன் விட்டுவிட்டான்.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இரும்புப் படிகளில் ஓடினேன். வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தில் கதவு பாதி இறங்கியிருந்தது, அதன்மேல் அலை ஏறி அடித்தது. "அம்மா, ஓடுங்க, ஓடுங்க, கட்டிப் போட நேரம் இல்ல!" என்று மாலுமி கத்தினான். முழங்கால்வரை நனைந்து கரையேறினேன். யாக்கோவஸ் மாமா, அம்மாவின் தம்பி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாதிரியாரோடு நின்றிருந்தார்.

கப்பல் விலகியது. மேல்தளத்தில் நிகிதாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஐந்து விரலையும் விரித்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். எங்கள் ஊரில் அதைவிடக் கேவலமாக ஒருவனைத் திட்ட முடியாது. அவன் திருப்பிக் காட்டவில்லை, கத்தவும் இல்லை. தோற்றவனுக்கு வாய் அடைத்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

தேவாலயத்தில் மாமி, செத்தவர்களுக்குப் படைக்கும் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவித் தயாராக வைத்திருந்தாள். பாதிரியார் ஒயின் தெளிப்பதற்காகப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியை விலக்கினார். கை நின்றது.

"தலை எங்கம்மா?" என்றார்.

நான் துணியை உதறினேன். கால் எலும்பு, கை எலும்பு, விலா எலும்பு, எல்லாம் சுத்தமாக, வரிசையாக இருந்தன. மண்டை ஓடு இல்லை. கப்பலில் வைத்து எலும்புப் பெட்டியைத் திறக்க யாருக்குத் தோன்றும்?

தம்பிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். "இப்பதான் தொறந்தீங்களா?"

"டேய், அம்மா தலை எங்கடா?"

"ஸ்மரோ பையில இருக்கு. நேத்தே தனியா எடுத்து வெச்சாச்சு. நீ பெட்டியப் புடுங்கிட்டு ஓடுவன்னு எனக்குத் தெரியாதா? நான் உன் தம்பிக்கா."

"நீ மனுஷனாடா?"

"இன்னிக்கு சாயங்காலமே அப்பா பக்கத்துல வெச்சுப் பூட்டிடுவேன். முகத்த அவர் பக்கமாத் திருப்பித்தான் வெப்பேன். உடம்ப நீயே வெச்சுக்க." வைத்துவிட்டான்.

அவனைக் கொன்றிருப்பேன், கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால். பாதிரியார் பெட்டியை மெதுவாக மூடினார். "முழுசாக் கொண்டு வாங்கம்மா, அப்ப ஜெபம் பண்றேன்" என்றார்.

"மாமா, உங்க படகு தண்ணியிலதான நிக்குது?"

"பேய்க்காத்தும்மா. கப்பலே நிக்க முடியாம ஓடுது. நாள மறுநாள் காத்து தணியும், போலாம்."

"சாயங்காலம் பூட்டிடுவான் மாமா. அந்த ஆளு மூஞ்சியப் பாத்த மாதிரி வெக்கப் போறானாம்."

மாமா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். பிறகு மாமி கையைப் பிடித்துத் தடுக்கத் தடுக்க, சட்டைப்பையில் படகுச் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு வெளியே நடந்தார்.