என் கைக்கு அளவெடுத்த சுவர்

நகரத்து ஒளித் திருவிழாவில் என் மகள் செய்த சுவரும் இருக்கிறது என்று சலவைக்கூடத்தில் ஒருத்தர் விடாமல் சொல்லிவைத்திருந்தேன். ஆள் உயரப் பலகைகள் பன்னிரண்டு. எதில் கை வைத்தாலும் அந்த இடத்திலிருந்து வெளிச்சம் கிளம்பிச் சுவர் முழுக்கப் பரவும். ஒன்றரை வருடம் அதோடுதான் குடித்தனம் நடத்தினாள். நான் போய்ச் சேர்ந்தபோது, கூடாரத்துக்குள் யாரும் தொடாமலேயே அது தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சும்மா வீடியோ ஓடுதுப்பா" என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் நகர்ந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கிய விழாப் பொறுப்பாளர் மகளிடம் கறாராகச் சொன்னார். "அரை மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள சரியாகலன்னா அணைச்சிட வேண்டியதுதான்."

அவர் போனதும், "என்னடி ஆச்சு?" என்றேன்.

"சென்சாரைக் கூட்டி வெச்சிருக்கேன்மா. கூட்டம் பக்கத்துல வந்தாலே தொட்டதா நினைச்சுக்குது."

"குறைச்சுத் தொலையேன்."

"குறைச்சா உனக்கு எரியாது."

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக இஸ்திரி போடுகிறேன். சூடும் நீராவியும் பட்டுப் பட்டு உள்ளங்கை காய்த்துவிட்டது. தொடுதிரை என்னை மதிப்பதில்லை. ரேகை வைக்கும் இயந்திரம் பத்து விரலையும் பார்த்துவிட்டு, வேறு விரல் வை என்கிறது. பதினொன்றாவது விரலுக்கு நான் எங்கே போவேன்?

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "அம்மா, கை வை" என்று சமையலறைக்கு இழுப்பாள். அங்கேதான் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தாள். எரியாது. என்னவோ திருகுவாள், மறுபடி வைக்கச் சொல்வாள். ஒருநாள் எரிந்தது. குதித்தாள். பலகை வேலை செய்கிறது என்று குதிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் சமையலறையில் இரண்டு பேர் நின்றாலே இடிக்கும்; கூட்டம் வந்தால் என்னாகும் என்று அங்கே யாருக்குத் தோன்றும்?

"அறிவு கெட்டவளே! ஊரே வந்து பாக்கிற சாமானை என் கைக்கா அளவெடுப்பே?"

"வேற யார் கைக்கு எடுப்பேன்?" என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் முகத்தை மட்டும் திருப்பவில்லை. பிடிவாதத்தில் அவள் எனக்கே அம்மா. திட்ட வாயைத் திறந்தேன், பெருமை முந்திக்கொண்டது.

"கூட்டம்தானே பிரச்சினை? என்கிட்ட விடு."

சுவரை ஒட்டிக் கட்டியிருந்த கயிற்றைப் பத்தடி பின்னுக்கு இழுத்துக் கட்டினேன். சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை எனக்கு.

"வரிசையா நில்லுங்க! ஒருத்தர் போயிட்டு வந்தப்புறம்தான் அடுத்தவங்க! ஏம்மா, உங்களுக்குத் தனியா சொல்லணுமா?"

சுவர் இருண்டது. முதலில் போன பெண் கையை நீட்டியதும் மெல்ல விடிந்தது. "ஐயோ!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டே இருபது பேர் வந்து நின்றார்கள். பொறுப்பாளர் திரும்பி வந்தபோது வரிசை கூடாரத்தைத் தாண்டியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

அடுத்து ஒரு கொத்தனார். சிமெண்டு தின்ற நகங்களைப் பார்த்தாலே தொழில் தெரிந்தது. மனைவி முன்னால் தள்ள, அவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வேணாம்மா. வெளியில இதே மாதிரி தொட்டா எரியிறதுல மூணு இடத்துல வெச்சுப் பாத்துட்டேன். எனக்கு மட்டும் எரியல. பின்னாடி நின்னவங்க சிரிக்கிறாங்க."

"இங்க வைங்கண்ணே. எரியலன்னா என்னைக் கேளுங்க."

வைத்தார். உள்ளங்கைக்கு அடியிலிருந்து வெளிச்சம் கிளம்பிப் பன்னிரண்டு பலகைகளையும் நிறைத்தது. கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை மனைவியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வைத்தார். வரிசையில் ஒருவர்கூட அவரை அவசரப்படுத்தவில்லை.

பொறுப்பாளர் மகளிடம் வந்தார். "மத்த இடத்துல எரியாதது இங்க மட்டும் எப்படி?"

அவள் வாயைத் திறக்கும் முன்பே என் கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதுக்கு அளவெடுத்தது சார்."

காய்ப்பை உற்றுப் பார்த்தார். பிறகு, "கயிறு அங்கேயே இருக்கட்டும். கடைசி நாள் வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் என் தோளைத் தட்டினாள். "நீ இன்னும் தொடவே இல்லையேம்மா. போ, போய் வை."

"வரிசை நிக்குது, கண்ணு தெரியல?" என்று அதட்டிவிட்டு, நடந்துபோய்க் கடைசி ஆளாக நின்றேன்.