வைஃபை வராத இருபது மடிக்கணினிகள்

ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட இருபது மடிக்கணினிகளைத் தேவாலயப் பங்கின் தொழிலாளர் உதவிக் குழு கேட்டு வாங்கியிருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, லினக்ஸ் இயங்குதளம் ஏற்றி, ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்ததும் தேவாலயத்தின் பின்கூடத்தில் வைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குழுத் தலைவர் டெரன்ஸுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். படம் எடுத்தது ஜெனிவீவ்.

டெரன்ஸ் சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்தவர். நாற்பத்தைந்து வயது. ஒரு கம்பெனியில் ஐடி மேனேஜர். மூன்று சனிக்கிழமைகளை இதற்காகச் செலவிட்டதாக அன்று இரண்டு முறை சொன்னார். ஜெனிவீவ் பள்ளிக்கூட ஆசிரியை. பெயர் பதிவு, படிவம், போன் அழைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. "எதுக்கு லேப்டாப் வேணும்?" என்ற கட்டத்தில் லாசரஸ் சொன்னதை அவர்தான் கேட்டு எழுதிக்கொண்டார்.

லாசரஸுக்கு இருபத்தொன்பது வயது. தேவகோட்டைப் பக்கத்துக்காரன். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் வேலையில் ஆறு வருடமாக இருந்தான். இடது காது பாதி மந்தமாகிவிட்டிருந்தது. பட்டறையில் பணிப் பாதுகாப்பு உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. மாதக் கடைசிக்குள் அதற்கான சான்றிதழ் வைத்திருப்பவனுக்குத்தான் அந்த இடம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். தேர்வு இணையத்தில், கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டியது. கைப்பேசியில் எழுத விடமாட்டார்கள்.

இன்னொரு மடிக்கணினி அவனுடைய அறைத் தோழர் செல்வராஜுக்குக் கிடைத்தது. செல்வராஜ் இந்துக் கோயிலுக்குப் போகிறவர். யாராக இருந்தாலும் கொடுப்பார்கள் என்று லாசரஸ்தான் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தான். ஊரில் ஒரு காலத்தில் டியூஷன் எடுத்த மனிதர். மகள் பவித்ரா பத்தாம் வகுப்பு. வாரம் ஒருநாள் வீடியோ அழைப்பில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது அவர் திட்டம்.

கிராஞ்சியில் தங்கும் விடுதிக்குத் திரும்பி இருவரும் பெட்டிகளைத் திறந்தார்கள். திரை வந்தது, எழுத்து வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. அந்த விடுதியில் இருந்த பதினொரு பெட்டிகளிலும் இதே கதை. லாசரஸ் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினான்: சார், வைஃபை கார்டை சிஸ்டம் கண்டுபிடிக்கவில்லை, டிரைவர் இல்லை என்று நினைக்கிறேன்.

டெரன்ஸ் குரல் செய்தியாகப் பதில் அனுப்பினார். செல்வராஜ் அதை ஒலிபெருக்கியில் போட்டார். அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் கேட்டார்கள்.

"தம்பி, ஃபர்ஸ்ட் பவர் பட்டன் அமுக்கினீங்களா? வைஃபைன்னா காத்துல வரும் லா, பாக்கெட்ல வராது. எல்லாத்தையும் நான் செக் பண்ணித்தான் குடுத்தேன்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். அவர் விரலை எடுக்க மறந்திருந்தார். பக்கத்தில் இருந்த யாரிடமோ பேசுவதும் சேர்ந்து பதிவாகியிருந்தது.

"இதுக்குத்தான் சொன்னேன் ஜென், இவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் டூ மச். சுத்தியல் குடுத்தா யூஸ் பண்ணுவாங்க."

ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு செய்தி நின்றது.

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தங்களைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். லாசரஸ் பெட்டியைத் தன் கட்டிலுக்கு எடுத்துப் போனான்.

இரண்டு நாள் கழித்து மழையில் வேலை நின்றுபோய் மதியமே ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி திரும்பியது. அன்று உட்கார்ந்தான். உள்ளே இருக்கும் கார்டு எந்த வகை என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டி, வந்த எண்ணைக் கைப்பேசியில் தேடினான். அந்த வகைக் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸோடு சேர்ந்து வருவதில்லை. தனியாக இறக்க வேண்டும். இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும்.

"இது என்னடா, சாவியை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி" என்றார் செல்வராஜ்.

கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் மடிக்கணினியில் செருகி, அதன் இணையத்தைக் கம்பி வழியாகக் கொடுக்கலாம் என்று லாசரஸ் கண்டுபிடித்தான். டிரைவர் இறங்கியது. ஆனாலும் வைஃபை வரவில்லை. முறையான டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எந்த மென்பொருளையும் அந்தப் பெட்டி உள்ளே விடாது. டிரைவரை ஏற்றும்போதே அது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லியிருந்தது. எதற்கென்று தெரியாமல் அவனும் வைத்திருந்தான். மறுபடி இயக்கும்போது நீலத் திரை ஒன்று பத்து விநாடி வரும். அந்தப் பத்து விநாடிக்குள் ஒரு விசையை அழுத்தி, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒப்புதல் தந்தால்தான் உண்டு. தவறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் பெட்டி திறந்துகொள்ளும். முதல் முறை அவன் டீ வாங்கப் போயிருந்தான். இரண்டாம் முறை என்னவென்று தெரியாமல் முதல் வரியையே அழுத்திவிட்டான். நான்காம் முறை சரியாகச் செய்தான்.

திரையின் மூலையில் விசிறி போன்ற அந்தச் சின்னம் எழுந்தது. விடுதியின் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. லாசரஸ் கத்திவிட்டான். அடுத்த மூன்று மாலைகளில் விடுதியில் இருந்த மற்றப் பத்துப் பெட்டிகளையும் அவனே சரிசெய்தான். செல்வராஜ் திரையில் பெரிய வட்டம் போட்டு, தொடுகோடு என்றால் என்ன என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பா, இப்ப நல்லாத் தெரியுது" என்று அவள் சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

அடுத்த ஞாயிறு, பின்கூடத்தில் டீ குடிக்கும்போது பங்குச் சாமி பொதுவாகக் கேட்டார்: "லேப்டாப்லாம் நல்லா ஓடுதா?"

கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் செல்வராஜுக்குப் பொறுக்காது. "ஓடாம கெடந்துச்சு சாமி. நம்ம லாசருதான் ஓட வச்சான். சாருக்கே வராதது இவனுக்கு வந்துருச்சு!"

கைதட்டினார்கள். "டெரன்ஸ், உங்களுக்கு ஒரு குரு கெடச்சிட்டாரு" என்று சாமி சிரித்தார். டெரன்ஸும் சிரித்தார். சாமி நகர்ந்த பிறகு லாசரஸை வாசல் பக்கம் அழைத்துப் போனார்.

"என்ன பண்ணீங்க, சொல்லுங்க."

லாசரஸுக்கு உற்சாகம். எல்லாவற்றையும் சொன்னான். கார்டின் எண், கம்பி, டிரைவர், கையொப்பம். நீலத் திரைக்கு வரும் முன்பே டெரன்ஸ் கையை உயர்த்தினார்.

"செக்யூரிட்டில கை வச்சியா நீ?"

நீங்க என்பது நீ ஆகிவிட்டதை லாசரஸ் கவனித்தான்.

"இல்ல சார், அது ஒரு முறைதான். எல்லாரும் அப்படித்தான்..."

"யாரைக் கேட்டுச் செஞ்ச? லேப்டாப் குடுத்த டோனர் கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆவும் தெரியுமா? பத்துப் பேர் மெஷினை நீ பாஸ்வேர்ட் போட்டுத் தொறந்திருக்க. உள்ள என்ன போட்டன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

செவ்வாய்க்கிழமை குழுவில் அறிவிப்பு வந்தது. பாதுகாப்புச் சோதனைக்காக இருபது மடிக்கணினிகளும் திரும்பப் பெறப்படும். அனுமதி இல்லாமல் சிலர் இயந்திரங்களில் கைவைத்ததே காரணம். பெயர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. லாசரஸின் தேர்வு வரும் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு. சனிக்கிழமை மாலை வேன் வரும் என்றிருந்தார்கள்.

வேன் விடுதி வாசலில் நின்றது. ஒவ்வொருவராகப் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். லாசரஸ் கடைசியில் நின்றான்.

"சார், நாளைக்கு ஒருநாள் மட்டும். எக்ஸாம் இருக்கு. முடிஞ்சதும் நானே பஸ்ஸுல கொண்டாந்து குடுத்துர்றேன்."

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"வேற யாருமே கேக்கல சார்."

"அதான் ப்ராப்ளம். உனக்கு மட்டும் ரூல் இல்லன்னு நெனைக்கிற."

லாசரஸ் ஜெனிவீவைப் பார்த்தான். "மேடம், உங்களுக்குத் தெரியும். ஃபார்ம்ல நீங்கதான் எழுதுனீங்க."

ஜெனிவீவ் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். அதில் அவன் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "டெரன்ஸ் தன்னோட வீக்கெண்டெல்லாம் உங்களுக்காகத்தான் செலவு பண்றாரு லாசரஸ்" என்றார் மெதுவாக. "ஒரு சாரி சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"சாரி சார்" என்றான் லாசரஸ்.

டெரன்ஸ் அவன் கையில் இருந்து பெட்டியை வாங்கி வேனில் வைத்தார். "தட்ஸ் ஆல் ரைட். எக்ஸாம் அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அடுத்த தடவை மூன்று மாதம் கழித்து வரும். ஞாயிறு காலை லாசரஸ் லிட்டில் இந்தியாவுக்குப் போனான். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் அப்துல் கஃபார் பழைய போன், பழைய கணினி விற்கிறார். முழுக் கதையையும் கேட்ட பிறகு கடையில் இருந்ததிலேயே நல்ல மடிக்கணினியை எடுத்துக் கொடுத்தார். "உள்ள ஸ்டோர்ல உக்காந்து எழுதுங்க தம்பி. தாழ்ப்பாள் இல்ல, ஆனா யாரையும் விடமாட்டேன்."

அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். திரையில் ஒரு பெண் தோன்றி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். காட்டினான். தேர்வு முடியும்வரை வேறு யாரும் அறைக்குள் வரக்கூடாது என்று எச்சரித்துவிட்டுத் தொடங்கச் சொன்னாள்.

மொத்தம் நாற்பது கேள்வி. பாதிக்கு மேல் அவனுக்குப் படிக்காமலே தெரிந்தவை. சாரத்தில் எங்கே நிற்கக் கூடாது, மூடிய தொட்டிக்குள் இறங்கும்முன் எதை அளக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆறு வருடம் உடம்பால் படித்திருந்தான். வெளியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். யாரோ சார்ஜர் கேட்டார்கள், யாரோ சிம் கேட்டார்கள். கஃபார் ஒருவருடைய போனில் கண்ணாடித் திரை ஒட்டிக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராவது கேள்வியில் கதவு திறந்தது. பிளாஸ்டிக் பையும் கையுமாக ஒரு மனிதர் தலையை நீட்டினார்.

"பாத்ரூம் இந்தப் பக்கமாண்ணே?"

லாசரஸ் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்தால் ஒருவேளை தப்பிக்கலாம் என்று நினைத்தான். திரை வெளுத்தது. அறையில் இரண்டாவது நபர் காணப்பட்டதால் தேர்வு நிறுத்தப்பட்டது என்று இரண்டு வரி வந்தது. முறையிட ஒரு பொத்தான் இருந்தது. முறையிட்டான். அதற்கான பதில் நான்கு நாள் கழித்து வந்தது, அதே இரண்டு வரி.

பாதுகாப்பு உதவியாளர் இடம் வேறொருவனுக்குப் போனது. லாசரஸ் மணல் பீய்ச்சும் குழாயையே மறுபடியும் பிடித்தான்.

மாதம் பிறந்து, ஒருநாள் மாலை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் செல்வராஜோடு உட்கார்ந்திருந்தபோது அவன் போன் அடித்தது. டெரன்ஸ். இடது காது சரியாகக் கேட்காததால் லாசரஸ் போனை எப்போதும் சத்தமாகத்தான் வைத்திருப்பான்.

"லாசரஸ், ஹவ் ஆர் யூ? சாப்டீங்களா?" மறுபடி நீங்க. "மெஷினெல்லாம் க்ளீன் பண்ணி ஃப்ரெஷ்ஷா போட்டுட்டேன். இந்த வைஃபைதான்... நீங்க சொன்ன மாதிரி டிரைவர் போட்டேன், வரல. அதுக்கு அப்புறம் என்னமோ பண்ணீங்க இல்ல? ஃபாதர் அடுத்த சண்டே திரும்பக் குடுக்கணும்ங்கிறாரு. நீங்க வந்தாலும் சரி, போன்லயே சொன்னாலும் சரி."

பதினைந்து விநாடியில் சொல்லிவிடலாம். நீலத் திரை, இரண்டாவது வரி, கடவுச்சொல். லாசரஸ் தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினான்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்."

"கமான் லா. நீதானே பண்ணின."

"சுத்தியல் பிடிக்கிற ஆளு சார் நான். ஏதோ தட்டினேன், வந்துச்சு."

டெரன்ஸ் போனை வைத்துவிட்டார். ஒதுக்கிய சோற்றை லாசரஸ் மறுபடி பிசைந்தான். பல வாரமாகச் சாப்பாடு இவ்வளவு ருசித்ததில்லை.

செல்வராஜ் சாப்பிடவில்லை. "ஏன் தம்பி அப்படிச் சொன்ன?"

"அவன் தவிக்கட்டும்ண்ணே."

"அவன் எங்க தவிக்கப் போறான்? அவன் வீட்ல நாலு கம்ப்யூட்டர் இருக்கும். பாப்பாவுக்கு அடுத்த மாசம் பரீட்சை. போன்ல கணக்குப் போட்டா எழுத்தே தெரியலங்கிறா. நீ அவனுக்காகச் சொல்ல வேணாம், எனக்காகச் சொல்லு."

"அவன் கையால வாங்கினது எதுவும் நமக்கு வேண்டாம்ண்ணே."

"உனக்கு வேண்டாம்" என்றார் செல்வராஜ். "எனக்கு வேணும்ப்பா."

லாசரஸ் எழுந்து தட்டைக் கழுவப் போனான். அடுத்த மூன்று நாளும் செல்வராஜ் கேட்டார். ஒருமுறை மகளிடம் போனைக் கொடுத்துப் பேசச் சொன்னார். "மாமா, ப்ளீஸ்" என்றாள் பவித்ரா. "ஞாபகம் இல்லம்மா" என்று அவளிடமும் சொன்னான். முதலில் சொன்னதைவிட இப்போது சுலபமாக வந்தது.

டெரன்ஸ் யாரிடமும் கேட்கவில்லை. தெரியாது என்று இன்னொரு முறை சொல்வதைவிட அவருக்கு வேறு வழி எளிதாக இருந்தது. ஞாயிறு மாலை ஜெனிவீவ் குழுவில் படம் ஒன்றைப் போட்டார். இருபது மடிக்கணினிகளும் ஒரு கம்பிக் கூண்டு வண்டியில் அடுக்கப்பட்டிருந்தன. இயந்திரங்கள் மிகவும் பழையவை என்பதால் மறுசுழற்சிக்கு அனுப்பப்படுகின்றன, உழைத்த டெரன்ஸுக்கு நன்றி என்று எழுதியிருந்தார். கீழே பதினாறு பேர் கைகூப்பியிருந்தார்கள். விடுதியிலிருந்தும் சிலர்.

செல்வராஜ் அந்தப் படத்தை வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தன்னுடைய பெட்டி எது என்று தேடினாரோ என்னவோ. பிறகு விடுதி அலுவலகத்துக்குப் போய் வேறு அறை கேட்டார். புதன்கிழமை மாற்றிக் கொடுத்தார்கள். மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டவர், லாசரஸின் கட்டிலைத் தாண்டும்போது நின்றார். திட்டப் போகிறார் என்று லாசரஸ் காத்திருந்தான்.

"நெசமாவே ஞாபகம் இல்லையா?" என்றார்.

"இருக்கு" என்றான் லாசரஸ்.

செல்வராஜ் தலையை ஆட்டிக்கொண்டார். மெத்தையைச் சரியாகத் தூக்கிப் பிடித்து, வாசலில் இருந்த செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, தாழ்வாரத்தின் கடைசி அறைக்கு நடந்து போனார்.