ஹராரேயிலிருந்து வந்த பறவைகள்

புருஷன் பரீதின் உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் தூக்கிப் போனவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிய ஜாஹிரா பீவி, அலமாரி மேலிருந்த கல் பறவைகளைத் துண்டால் மூடினாள். வீட்டில் குர்ஆனின் யாசீன் ஓதும்போதெல்லாம் பரீதே அப்படித்தான் மூடி வைப்பார்.

"துண்டு போட்டா சரியாப் போச்சா மதினி?" பின்னால் நின்ற கொழுந்தன் முகம்மது சலீமுக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "உருவம் இருக்குத வீட்டுக்கு வானத்து மலக்குமாரு வருவாவளா? அண்ணன் இருக்கையில நான் வாயத் தொறக்கல. இனி நாலு மாசம் பத்து நாளு நீங்க இத்தாவுல வெளிய எறங்காம இங்கனயே இருக்கணும்லா."

"அதுக்கு?"

"தலைய மட்டும் தட்டி எடுத்துருவோம். தலை இல்லன்னா உருவம் இல்ல. நீங்களே வச்சுக்கிடலாம். ஏலே நாசரு, சுத்தியல எடு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனாலேயே அவரிடம் கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பதினோரு வருஷம் ஆப்பிரிக்காவில், ஹராரேயில் தையல் மெஷின் மிதித்த மனுஷன் பரீது, ஊர் திரும்பும்போது சுமை கூடிப்போக, அவளுக்கு வாங்கிய சேலைகளை விமான நிலையத்திலேயே யாருக்கோ கொடுத்துவிட்டு இந்தக் கல்லைத் தூக்கி வந்தார். ரோட்டோரம் அந்த ஊர் ஷோனா இனத்துச் சிற்பி ஒருத்தர் செதுக்கியதாம். ஒரே கறுத்த கல்லில் கழுத்தோடு கழுத்து பின்னிய இரண்டு பறவைகள். ஒரு மாதம் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பக்கவாதத்தில் அவர் படுத்த மூன்று வருஷமும், கல்லை வெயிலில் காய வைத்து மெழுகு தேய்த்தது அவள்தான். இன்னும் தேய் என்று கட்டிலில் கிடந்தபடி கண்ணாலேயே சொல்லுவார். பீத்துணி அலசிய கையோடு இது ஒரு கேடா என்று புலம்பிக்கொண்டே தேய்ப்பாள். ஆனால் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான். அந்த அரைமணி நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது.

மகன் நாசர் சுத்தியலோடு வந்து நின்றான். "உம்மா?"

"தலை போனபொறவு அது என்னத்துக்குலே? பக்கத்து வீட்டு ஜெபசிங்கக் கூப்புடு."

உடலைக் குளிப்பாட்டித் துணி சுற்றி முடிக்கையில் ஜெபசிங் புறவாசல் வழியாக வந்தான். கல்லை அவன் கையில் கொடுத்தாள். "எப்பம் திருப்பிக் கொண்டாரணும்க்கா?"

"கொண்டார வேண்டாம். அங்கனயே முழுசா இருக்கட்டும்."

முன்வாசலில் பரீதைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்களின் அழுகை எழுந்தது. அதற்கு மேல் அவள் அந்தப் பக்கம் போகக்கூடாது. புறவாசலில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கல்லை நெஞ்சோடு அணைத்து ஜெபசிங் படியிறங்கினான்.

"மெதுவா," என்றாள் ஜாஹிரா பீவி. "மெதுவாக் கொண்டு போங்க. வழுக்கும்."